சந்தனம் வைத்த ரவுட்டர்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த காலையில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் டேப்லெட்டுகள் எல்லாம் நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு லட்சணமாக இருந்தன. நெட்வொர்க் மட்டும் இல்லை.

டேப்லெட்டில் 'சரி' என்று தட்டினால்தான் ஒரு பாகம் சோதனை முடிந்து அடுத்த மேஜைக்குப் போகும். பேனாவும் காகிதமும் கற்காலம் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கோவிந்தன் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கி, இரண்டையும் ஒழித்திருந்தார். இப்போது பாகங்கள் மேஜைமேல் குவிந்துகொண்டிருந்தன. பதினோரு மணிக்கு, சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறது.

"அதுக்குள்ள ஓடலைன்னா, கிரண், உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட சரி" என்று சொல்லிவிட்டு, வரவேற்புரையை ஒத்திகை பார்க்கத் தன் அறைக்குப் போய்விட்டார் கோவிந்தன்.

கிரண் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியன். கொரட்டூரில் வாடகை வீடு, மனைவிக்கு ஏழாம் மாதம். கம்ப்யூட்டர் மேதைகள் அனைவரும் முதலில் செய்வதை அவனும் செய்தான்: டேப்லெட்டை அணைத்து மறுபடி போட்டான். 'இணைப்பு இல்லை' என்றது திரை. செட்டிங்ஸுக்குள் போகலாம் என்றால் வழியில்லை. தொழிலாளி சினிமா பார்த்துக் கெட்டுவிடக் கூடாதென்று புனே தலைமை அலுவலகம் அதைப் பூட்டி வைத்திருந்தது.

புனேவுக்குப் போன் போட்டான். டேப்லெட்டை முதலில் நெட்டில் இணையுங்கள், இங்கிருந்தே பூட்டைத் திறந்துவிடுகிறோம் என்றது ஓர் இனிய குரல். நெட் இல்லாததுதான் பிரச்சினை என்றான். அப்படியானால் அது உள்ளூர்ப் பிரச்சினை என்று மகிழ்ச்சியோடு விடைபெற்றது குரல்.

"இன்னா நைனா, டேப்புக்குச் சூடம் காட்லியா? கோச்சிகினு கீதா?" என்றார் சோதனை மேஜை தேவா, மிச்சமிருந்த பொரியை மென்றபடி.

"சும்மா இருங்கண்ணே. பதினொண்ணுக்கு ஆள் வந்துடும்."

மணி பத்தைத் தாண்டியிருந்தது. தன் போனில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களைத் துழாவினான். டேப்லெட்டுகள் இருக்கும் இரண்டாம் ஷெட்டின் பெயரைக் காணோம். அந்த இடத்தில், இதுவரை பார்த்திராத எண்களும் எழுத்துகளுமாக ஒரு பெயர். ஸ்டூலைப் போட்டு ஏறினான். சுவரில் ரவுட்டர், சந்தனம் பூசி, வாடிய சாமந்தி மாலையோடு அம்மன் மாதிரி வீற்றிருந்தது. மாலையை எடுத்தான். பின்பக்கத்துப் பொடி ஓட்டையில், எரிந்து முடிந்த ஊதுபத்தியின் அடிக்குச்சி இறுகச் செருகியிருந்தது.

அந்த ஓட்டை எதற்கென்று கிரணுக்குத் தெரியும். ஊசியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், ரவுட்டர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் மறந்து பிறந்த குழந்தையாகிவிடும். டேப்லெட்டுகளோ பழைய பெயரைத் தவிர வேறு யாரையும் ஏறிட்டுப் பார்க்காத பதிவிரதைகள்.

"யாருண்ணே இதைச் சொருவுனது?"

"பத்தி சொருவ வாயப்பயம் பத்தல. தேங்கா மூடில வெக்கலாம்னேன். கோவிந்தன் சார்தான், 'இதுக்குன்னே ஓட்டை வுட்டுக்கீறான் பாரு'ன்னு நல்லா அயுத்திச் சொருவினாரு. ஷெட்டே கமகமன்னு இருந்துச்சுபா."

பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் ரவுட்டருக்குத் திரும்பக் கொடுத்தால் போதும், டேப்லெட்டுகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் ஊருக்கே தெரியும். பாஸ்வேர்டு தெரிந்தவர் ஒருவர்தான். பாதுகாப்பு கருதி அது தன் உயிரோடுதான் போகும் என்று அறிவித்திருந்த கோவிந்தன். குச்சியை உருவிக்கொண்டு கிரண் அவர் அறைக்குப் போனான்.

"ரவுட்டர் ரீசெட் ஆயிடுச்சு சார். பாஸ்வேர்டு வேணும்."

"எவன் கை வெச்சான்? இப்பவே வெளிய அனுப்பறேன்!"

கிரண் ஊதுபத்திக் குச்சியை மேஜைமேல் வைத்தான். ஏசி அறையில் கோவிந்தனுக்கு வியர்த்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பக்கத்து அறையில் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) தாட்சாயிணி போன் பேசும் சத்தம் கேட்டது. கிரணின் காதருகே குனிந்தார்.

"ஜிஎம்கோவிந்தன். எல்லாம் சின்ன எழுத்து. பின்னாடி ரெண்டாயிரத்து இருபத்துமூணு."

அந்த வருடம் எப்போதோ போய்விட்டிருந்தது; ஜி.எம். பதவிதான் வரவில்லை. சிரிப்பு வராமலிருக்க கிரண் பிரசவச் செலவை நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்து போன் வழியாக ரவுட்டரில் தட்டியதில், முதல் தடவை ஓர் எழுத்து தப்பானது. மறுபடி தட்டினான். ஒரு டேப்லெட் பச்சையானது. வெகுநேரம் அது ஒன்று மட்டும்தான். பிறகு மற்றவையும் சாவகாசமாக விழித்தன.

வாசலில் தணிக்கைக்காரரின் கார் வந்து நின்றபோது தாட்சாயிணி ஷெட்டுக்குள் வந்தார். "எதனால போச்சு கிரண்?"

கோவிந்தன் கூரையை ஆராய்ந்தார். கான்ட்ராக்ட் நீட்டிப்பில் அவருடைய கையெழுத்துதான் பாக்கி.

"வோல்டேஜ் ஏத்த இறக்கம் மேடம்."

"நான் அப்பவே சொன்னேன் மேடம், ஸ்டெபிலைசர் வேணும்னு!" என்றார் கோவிந்தன், குரல் திரும்பியவராக.

கான்ட்ராக்ட் ஒரு வருடம் நீண்டது. ஸ்டெபிலைசரும் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் கிரண் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"இத்துல வரிசையா ஓட்டை கீது நைனா" என்றார் தேவா. "அடுத்த பூசைக்கு வாயப்பயமே வோணாம்."