வானத்தில் ஒளிந்த தொரை

"எதிரே வரும் விமானம், மேலே ஏறுங்கள்!" விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த விஜயகலா ரேடியோவில் மூன்றாவது தடவையாகக் கத்தினாள். பதில் இல்லை. எதிரே வரும் விமானி வேறு அலைவரிசையில் இருக்க வேண்டும்.

முன்னாலிருந்த சின்னத் திரையில் மஞ்சள் புள்ளி ஒன்று நகர்ந்து வந்தது. இரண்டு மைல். நேர் எதிரே. இவர்களைவிட இருநூறு அடி உயரத்தில், இறங்கிக்கொண்டே.

இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் மேகம், அதற்குள் இன்னொரு மலை. ஓப்பநாயக்க ஊருக்கு மேலே இந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தவர் பக்கத்து ஆசனத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் உட்காரக்கூடிய இந்த விமானத்துக்கும், கீழே விரிந்த தேயிலைத் தோட்டத்துக்கும் சொந்தக்காரர், துஷாந்தன்.

"ஏம்மா கத்துற? நமக்கு அவன் தெரியிறான்ல? அவனுக்கும் நாம தெரிவோம். விலகிப் போவான்."

"தெரியாது சேர்! அவனோட டிரான்ஸ்பாண்டர் 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லுது, நம்ம திரை கேக்குது. நம்மளுதை நீங்க அணைச்சு வச்சிருக்கீங்க. அவன் திரையில நாம இல்லவே இல்ல."

துஷாந்தன் சிரித்தார். தோட்டத்து ரோட்டில் ஜீப் ஓட்டிப் பழகிய சிரிப்பு அது. அங்கே எதிரே வருகிறவன் சைக்கிளோடு ரோட்டோர வாய்க்கால் கானுக்குள் இறங்கி நிற்பான். ஆகாயத்திலும் அதே ஏற்பாடுதான் என்று நம்பிக்கொண்டிருந்தார் மனுஷன்.

அணைத்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது. மூன்று மாதமாகச் சொல்லாமல் கொள்ளாமல் பறந்து வந்து, கொழுந்து பறிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை மேலிருந்து படமெடுக்கப் பார்க்கிறார். ஒருத்திகூட அகப்படவில்லை. தொரை வந்தால் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குச் சீட்டியடித்துச் சொல்வது தோட்டத்து வழக்கம். அது அவருக்கும் தெரியும். இப்போது எவனோ போனில் விமானங்களைக் காட்டும் செயலியை வைத்துக்கொண்டு இந்த விமானத்தைப் பின்தொடர்கிறான் என்று முடிவு கட்டினார். டிரான்ஸ்பாண்டரின் வாயை அடைத்துவிட்டால் தீர்ந்தது! கொழும்பு எல்லையைத் தாண்டியதும் தானே கையை நீட்டி அணைத்தார். அதிமேதாவி.

ஒரு மைல்.

விஜயகலா கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"போடாத! இன்னைக்கு அந்தச் சோம்பேறிக் கூட்டத்தைப் புடிக்காம விட மாட்டேன். தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்துப் புள்ளதானே நீ? ஒனக்கு அவளுங்க மேலதான் பாசம்."

"இறங்கினதும் வேலையை விட்டு நிறுத்துங்க சேர். இப்ப கைய எடுங்க."

முழங்கையால் அவர் மார்பில் ஓர் இடி. விசையைத் திருப்பினாள். டிரான்ஸ்பாண்டரின் பச்சை விளக்கு எரிந்தது. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினாள். தேயிலைச் செடிகள் சக்கரத்தை எட்டிப் பிடிப்பதுபோல எழும்பி வந்தன. இதற்குக் கீழே இறங்க இடமில்லை. இனி அவன் பார்க்க வேண்டும். பார்த்தால் உயிர்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வயிறு ஒன்று வந்தது. பயிற்சி விமானம். வந்த வேகத்தில் சட்டென்று மூக்கை உயர்த்தியது. அவன் திரை கடைசி நொடியில் அவனை எச்சரித்துவிட்டது. தலைக்கு மேலே இடியோசை. கண்ணாடிக்குள் வாயைப் பிளந்த ஓர் இளம் முகம். அப்புறம் வெறும் வானம்.

துஷாந்தன் கேமராவை மடியிலேயே போட்டிருந்தார். கால்சட்டை நனைந்திருந்தது. தண்ணீர்ப் போத்தல் மூடியபடியே இருந்தது.

"நல்ல வேளை, நான் பதறாம இருந்தேன்," என்றார்.

விஜயகலா விமானத்தை ஓடுபாதைப் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்தால் வரும் வார்த்தை ரேடியோவுக்கு ஆகாது.

மூன்று ஏக்கர் தேயிலையைப் பிடுங்கி அவர் போட்ட புல் ஓடுபாதையில் இறங்கினார்கள். இரு பக்கமும் பெண்கள் நிரை பிடித்து நின்று, அளவெடுத்ததுபோலக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட உட்காரவில்லை. பாதையின் ஓரத்தில் கங்காணி இராமசாமி குடையோடு காத்திருந்தார்.

துஷாந்தன் கேமராவால் கால்சட்டையை மறைத்துக்கொண்டு குதித்தார். "எந்த நாய் போனைப் பாத்து ஒங்களுக்குச் சொல்றான்? இப்பவே பேரைச் சொல்லு!"

"போனாங்க? இந்த மலையில சிக்னலே இல்லீங்களே தொரை."

"அப்ப நான் வர்றது ஒங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

இராமசாமி விஜயகலாவைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்பதுபோல இருந்தது பார்வை. சொல்லுங்கள் என்று அவள் தலையசைத்தாள்.

"நீங்கதானுங்களே ஒவ்வொரு தடவையும் காலையில ஏழு மணிக்குப் பங்களா லேண்ட்லைனுக்குப் போன் அடிக்கிறீங்க. பன்னெண்டு மணிக்கு வந்திருவேன், நாட்டுக்கோழி அடிச்சு வையின்னு ஜெயம்மாகிட்ட சொல்றீங்க."

"பங்களாச் சமையக்காரிக்கும் ஒனக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"பொஞ்சாதிங்க."