வெண்டெல் ஹார்கிஸின் இரண்டு ஏஸ்

லாஸ் வேகாஸில் பாலைவனக் கிரீடம் போக்கர் போட்டி நடக்கும் கூடத்தின் நீளச் சுவர் முழுக்கச் சாம்பியன்களின் படங்கள். முதலில் தொப்பியும் சுருட்டுமாக டெக்சாஸ்காரர்கள். அப்புறம் கோட்டு போட்டவர்கள். கடைசியில், மீசை முளைக்காத பையன்கள். ஒன்பதாவது படத்தில் இருந்தவர் வெண்டெல் ஹார்கிஸ். அதே ஆள் இப்போது எழுபத்தெட்டு வயதில், சீட்டுப் போடுகிற டீலரை ஒட்டிய முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. இரண்டு முறை ஜெயித்தவன்தான் ஆட்டக்காரன். ஒரே முறை ஜெயித்தவனுக்கு அன்றைக்குச் சீட்டு நன்றாக விழுந்தது, அவ்வளவுதான். நாற்பது வருடமாக அதைக் கேட்டுப் புழுங்கியவர் ஹார்கிஸ். முன்னாள் சாம்பியன்களுக்குத் தந்துவந்த இலவச இடத்தை அடுத்த ஆண்டு முதல் நிறுத்தப்போகிறார்கள். கைக்காசு போட்டு ஆட அவரிடம் வழியில்லை. இதை விட்டால் இல்லை.

எதிரே இருந்த ப்ரைஸ் என்ற இளைஞன் காலையிலிருந்தே சீண்டிக்கொண்டிருந்தான்.

"சாம்பியன், சுவத்துல உங்க படம் பார்த்தேன். பிரமாதமான மீசை. அந்த ஆளு எப்ப ஆட வருவாரு?"

"நீ கிளம்பினதும் வருவாரு தம்பி. எடம் வேணும்ல."

மேஜையே சிரித்தது. ஹார்கிஸுக்கும் பழைய தெம்பு கொஞ்சம் வந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் அவருக்கு இரண்டு ஏஸ் வந்தது. ஆட்டம் தொடங்கும்போது அதைவிடப் பெரிய சீட்டு கிடையாது. ப்ரைஸ் யோசிக்காமல் தன் பந்தயச் சில்லுகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டை வீசினார்கள். ஹார்கிஸின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. அதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

சீட்டின் மேல் சில்லையோ கையையோ வைத்துக் காப்பது ஆடுகிறவன் பொறுப்பு. முதல் நாற்காலிக்காரன் இதில் அசரவே கூடாது. டீலரின் கை அங்கேதான் புழங்கும். ஹார்கிஸ் ஆட்டம் பழகியது டெக்சாஸ் பின்கட்டு அறைகளில். அங்கே அடுத்தவன் சீட்டுப் பக்கம் எவன் கையும் போகாது. சில்லு வைக்கிற பழக்கமே அவருக்கு வரவில்லை. எப்போதும் கை இருக்கும். இப்போது கையும் இல்லை.

"வர்றேன்" என்றார். தன் சில்லு மொத்தத்தையும் எதிர்ப்பந்தயமாக வைப்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

டீலர் மரிசோலின் கண் ப்ரைஸின் சில்லுகளில் இருந்தது. வீசப்பட்ட சீட்டுகளை வாரிய கை, அவருடைய இரண்டையும் சேர்த்து வாரிக் குவியலில் கலந்துவிட்டது.

"ஏம்மா, அது என் சீட்டு."

அவள் வாரிய கையை அப்படியே நிறுத்தி ஆள் கூப்பிட்டாள். மேற்பார்வையாளர் கர்ட் வந்தார். பெரியவர் 'வர்றேன்' என்று வாய்விட்டுச் சொன்னாரா என்று கேட்டார். சொன்னார் என்றார்கள் எல்லோரும். சொன்ன சொல் சொன்னதுதான். கலந்த சீட்டு செத்த சீட்டு, திரும்ப எடுக்க முடியாது.

"சீட்டு மேல என்ன வச்சிருந்தீங்க, மிஸ்டர் ஹார்கிஸ்?"

"ஒண்ணும் வைக்கல."

"கையாவது?"

கை எங்கே இருந்தது, ஏன் அங்கே போனது என்பதை அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கர்ட் அவருடைய சில்லுகள் முழுவதையும் எதிர்ப்பக்கம் தள்ளச் சொன்னார்.

ப்ரைஸ் தன் சீட்டைத் திருப்பினான். இரண்டு ராணி.

"உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

"ரெண்டு ஏஸ்."

யாரோ தொண்டைக்குள் சிரித்தார்கள். தோற்றுப்போகிறவன் எவன் கதையிலும் இரண்டு ஏஸ் இருக்கும்.

ப்ரைஸ் மட்டும் சிரிக்கவில்லை. "சரிங்க சாம்பியன். ரெண்டு ஏஸ்தான்" என்றான், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். அவனும் சிரித்துத் தொலைத்திருக்கலாம் என்று ஹார்கிஸுக்குத் தோன்றியது.

ஒலிபெருக்கியில் அவர் பெயரையும் ஜெயித்த வருடத்தையும் சொன்னார்கள். நாலைந்து பேர் மேஜையைத் தட்டினார்கள். மற்றவர்கள் சீட்டிலிருந்து தலை எடுக்கவில்லை. அவர் நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தார். அதன் கைக்குள் கை நுழையவில்லை. மரிசோல் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தினாள். அப்படிச் செய்வது அவள் வேலை.

"முதல் நாற்காலி காலி."

அந்த இடத்தில் ஆட அனுப்பப்பட்ட ஒரு பெண் சில்லுத் தட்டோடு அதற்குள் வந்து நின்றிருந்தாள். "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா, சார்?" என்றாள்.

அவர் நகர்ந்துகொண்டார்.