துடைத்தது போதும், அத்தை

அவளுடைய மாமியார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் துப்புரவு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகியும் அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கதவின் மேல்விளிம்பில் அந்த விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பெற்ற மகனே அவருக்கு ‘கமிஷனர்’ என்று பெயர் வைத்திருந்தான். அவர் காதில் விழாமல்தான் சொல்வான் என்பது வேறு விஷயம்.

அந்தக் கமிஷனர் பத்து நாள் தங்கிவிட்டுப் போக ஒரு வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கினார். மருமகளுக்கோ அன்று தலைக்கு மேல் வேலை. வீட்டுக்குப் பின்னால் கார் இல்லாத கார் ஷெட் ஒன்று இருந்தது. அதில்தான் அவளுடைய தொழில். யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய மேசை, கட்டில், அலமாரிகளை வாங்கி, அறுத்து, ஒட்டி, வர்ணம் அடித்து வேறு ஒன்றாக்கி விற்பாள். கட்டிலின் தலைமாடு பெஞ்சாகும். ஜன்னல் கதவு காபி மேசையாகும். அப்போது அவள் கையில் இருந்தது ஒரு டிரஸ்ஸிங் டேபிள். புதிதாக கிளினிக் திறக்கப்போகிற ஒரு பல் டாக்டர் அதைப் பழைய சாமான் கடையில் பிடித்து, “அக்கா, இதை வரவேற்பு மேசையா மாத்திக் குடுங்க” என்று கொண்டுவந்து இறக்கியிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றியாயிற்று. ஆடிக்கொண்டிருந்த கால்களை இறுக்கியாயிற்று. வெளிர்பச்சை வர்ணம் இரண்டு கோட், அதன்மேல் மெல்லிய வார்னிஷ் ஒரு கோட். ஆனால் புது வர்ணத்தில் மேசை மொழுமொழுவென்று பிளாஸ்டிக் மாதிரி நின்றது. இழுப்பறைகளின் முகப்பில் யாரோ ஒரு தச்சன் பொறுமையாகச் செதுக்கிய பூக்கொடி கண்ணுக்கே தெரியவில்லை. அதற்குத்தான் கிளேஸ். பழுப்பு நிறத்தில் குழம்பு மாதிரி இருக்கும், ஆனால் பூசினால் அடியில் உள்ள வர்ணம் தெரியும். அதைப் பிரஷ்ஷால் பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். மேட்டில் இருப்பது துணியோடு வந்துவிடும். பள்ளத்தில் இருப்பது அங்கேயே தங்கும். தங்கியதும் பூ, இலை, நரம்பு எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும்.

வியாழன் சாயங்காலம் அத்தை பயணக் களைப்பில் படுத்திருந்தபோது அவள் அதைப் பூசித் துடைத்து முடித்தாள். மறுநாள் காலை மேலே வார்னிஷ் அடித்தால் கிளேஸ் அசையாது. சனிக்கிழமை டாக்டர் வந்து எடுத்துக்கொள்வாள். நிம்மதியாகப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஷெட்டிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. எலியாக இருக்குமோ என்று போய்ப் பார்த்தாள். குட்டி ஸ்டூலில் அத்தை. சேலையை இடுப்பில் செருகியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர். அது கலங்கலான பழுப்பு நிறத்தில் இருந்தது. கையில் பழைய டூத் பிரஷ். இழுப்பறைப் பூக்களின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

“எழுந்துட்டியா? உன் தூக்கம் கெடக் கூடாதுன்னுதான் மெதுவா பண்றேன்” என்றார் முகமெல்லாம் மலர. “பாவம், ஒத்தையா எவ்வளவுதான் பார்ப்ப? இந்தச் சந்துபொந்தெல்லாம் துடைக்க உனக்கு ஏது நேரம்? நாளைக்கு ஆள் வருதுன்னு சொன்னியே. இவ்வளவு அழுக்கோட குடுத்தா உன் பேருதானேம்மா கெடும்!”

அவள் மேசையைப் பார்த்தாள். நான்கு இழுப்பறையில் மூன்று பளிச்சென்று மொட்டையாக இருந்தன. கத்தத்தான் வாயைத் திறந்தாள். அத்தையின் விரல்களைப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, “பால் வெச்சுட்டு வரேன் அத்தை” என்று உள்ளே போய்விட்டாள்.

சமையலறையில் கணவன் டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், “ரெய்டு நடந்துடுச்சா?” என்று சிரிக்க ஆரம்பித்தவன் அவள் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“நான் வேணா அம்மாகிட்ட சொல்லட்டுமா?”

“நீங்க வாயைத் திறக்காதீங்க. நீங்க சொன்னா சண்டை ஆயிடும். அவங்க ஊருக்குப் போனதும் மறுபடி பூசிக்கறேன். டாக்டர்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.”

அப்போது ஷெட்டிலிருந்து குரல் வந்தது. “ஏம்மா, இங்க ஒரு டப்பால என்னமோ பழைய எண்ணெய் மாதிரி நிக்குது. இதையும் கொட்டிக் கழுவி வெச்சுடறேன்!”

அவள் ஓடிய ஓட்டத்தில் பால் பாத்திரமே ஆடியது. அத்தையின் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “ஐயோ அத்தை, அது வேணும்!”

“எதுக்கு?”

இனி மறைத்துப் பயனில்லை. “நீங்க கழுவினீங்களே, அது இதுதான். அழுக்கு இல்ல அத்தை. நான்தான் நேத்து பூசினேன்.”

அத்தை டப்பாவைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். “அழுக்கைக் கடையில விக்கறாங்களா?”

“விக்கறாங்க.”

அத்தை சிரிக்கவில்லை. பிரஷ்ஷை மெல்ல வாளி விளிம்பில் வைத்தார். “ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார். “என் வார்டுல எவளாவது கேட்காம ஒரு பாட்டிலைத் தொட்டா உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன். நானே வந்ததும் வராததுமா உன் பொழப்புல கையை வெச்சுட்டேனே. இன்னைக்கு வண்டியிலயே கிளம்பறேன்.”

சும்மா சொல்லவில்லை. சேலையை இறக்கிவிட்டு எழுந்தே விட்டார். முழங்கால் மடங்கியது மடங்கியபடி நிற்கத் தடுமாறினார். மருமகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரை அவ்வளவு சின்னவராக அவள் அதுவரை பார்த்ததில்லை. இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“கிளம்பறதுன்னா கிளம்புங்க. ஆனா இந்த வேலையில பூசறது அஞ்சு நிமிஷம், மீதியெல்லாம் துடைக்கறதுதான். எனக்கு யார் துடைச்சுக் குடுப்பா?”

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நிஜமாவா சொல்ற?”

“நிஜமா.”

முதல் காரியமாக டாக்டருக்கு போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். மறுமுனையில் டாக்டர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. “டூத் பிரஷ்ஷாலயா? அக்கா, அழுத்தித் தேய்க்காதீங்கன்னு நான் தினம் பத்துப் பேருக்குச் சொல்றேன், ஒருத்தரும் கேட்கறதில்ல. பரவாயில்ல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கறேன். திங்கள்தான் திறப்பு.”

நல்லவேளையாக அடியில் போட்டிருந்த வார்னிஷ் வர்ணத்தைக் காப்பாற்றியிருந்தது. மிச்சமிருந்த நாலாவது இழுப்பறையையும் அத்தையே கழுவித் தந்தார். சோப்பு போக இரண்டு தண்ணீரில் அலசித் துடைத்து மதியம்வரை உலரவிட்டார்கள். பழைய பனியன்களைக் கிழித்துத் துணியாக்கினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள், காற்று பட்டால் துடைப்பதற்குள் கிளேஸ் இறுகிவிடும். அவள் பூசுவது, அத்தை துடைப்பது என்று ஏற்பாடு.

முதல் இழுப்பறையில் பூசிவிட்டு அடுத்ததற்குத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தால் முதல் இழுப்பறை குழந்தை முகம் மாதிரி இருந்தது.

“அத்தை, எங்க கிளேஸ்?”

“துடைச்சுட்டேனே.”

“முழுசாவா!”

“பாதி துடைச்சுட்டு எழுந்திருக்கறதுக்கு எனக்குப் பழக்கமில்லம்மா” என்றார் அத்தை, கொஞ்சம் வெட்கத்தோடு.

மறுபடி பூசினாள். இந்த முறை பக்கத்திலேயே நின்றுகொண்டாள். மேட்டிலிருந்து வழித்ததும், “போதும் அத்தை, கையை எடுங்க” என்றாள். அத்தை கையை எடுத்தார். எடுத்த கை அந்தரத்திலேயே நின்றது.

“அந்தப் பூவுக்குள்ள ஒரே ஒரு பொட்டு. அதை மட்டும் எடுத்துடட்டுமா?”

“வேண்டாம்.”

“கண்ணை உறுத்துதும்மா.”

“உறுத்தட்டும். ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க.”

அத்தை தள்ளி நின்று பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். “அட, இது செம்பருத்தியா? காலையில இவ்வளவு நேரம் தேய்ச்சேன், என்ன பூன்னே தெரியலையே!”

மூன்றாவது இழுப்பறையில் கைப்பக்குவம் பிடிபட்டுவிட்டது. அதன்பின் அவள் பார்த்ததுதான் அவளை ஆச்சரியப்படுத்தியது. அத்தை மரத்தின் ஓட்டத்தோடு ஒரே இழுப்பாக இழுத்தார். இழுத்த இடத்துக்குத் துணியைத் திரும்பக் கொண்டுபோகவே இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் துணியை மடித்துப் புதுப்பக்கம் வைத்தார். மடிப்பின் எட்டு பக்கமும் தீர்ந்தால் துணி வாளிக்குள் போயிற்று. வார்டில் ஒரு கட்டிலைத் துடைத்த பக்கத்தால் அடுத்த கட்டிலைத் தொடக்கூடாதாம். அவள் எப்போதும் ஒரே துணியைச் சுருட்டிப் பிடித்துத் தேய்ப்பவள். அதனால்தான் அவளுடைய மேசைகளில் ஆங்காங்கே புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் விழும். அது கிளேஸின் குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த மேசையில் அது அறவே இல்லை. பள்ளத்தில் பழுப்பும், மேட்டில் சுத்தமான பச்சையும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நின்றன.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவன் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மாவின் மூக்கில் பழுப்புத் தீற்றல். மனைவியின் நெற்றியிலும் அதே. இருவரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னடா பார்க்கற? ஷூவைக் கழட்டிட்டு வா” என்றார் அத்தை. “வார்னிஷ் அடிக்கிற இடத்துல தூசியோட வராதே.”

“சரிங்க கமிஷனர்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவள் திடுக்கிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “எனக்கு அது எப்பவோ தெரியும். நல்ல பேருதான்.”

சனிக்கிழமை காலை ஒரு கோட், சாயங்காலம் ஒரு கோட் வார்னிஷ் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தாள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினாள். இழுப்பறையைத் திறந்து மூடினாள். செம்பருத்தியின் மேல் விரலை ஓட்டினாள். “நான் நினைச்சதைவிட நல்லா இருக்கு அக்கா. இவங்கதான் துடைச்சவங்களா?”

“ரெண்டு தடவை” என்றார் அத்தை.

டாக்டர் சிரித்துவிட்டு, “கிளினிக்குக்கு ஒருநாள் வாங்கம்மா” என்றாள். “வரேன், ஆனா வாயைத் திறக்க மாட்டேன்” என்றார் அத்தை. மேசை வேனில் ஏறித் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார்கள்.

உள்ளே வந்ததும் அத்தை ஷெட்டின் மூலைக்குப் போனார். அங்கே ஒரு பழைய ரேடியோப் பெட்டி, கால் ஒடிந்த நாற்காலி இரண்டு, குழந்தைத் தொட்டில் ஒன்று.

“இது என்ன ஆகப்போகுது?”

“தொட்டிலா? ஒரு பக்கத்தை எடுத்துட்டா உட்கார்ற பெஞ்சு. வெள்ளை அடிக்கலாம்னு இருக்கேன்.”

“வெள்ளையா! நாலே நாள்ல மஞ்சளாயிடும். நீலம் அடி.”

“நீலத்துல கிளேஸ் எடுபடாது அத்தை.”

“வெளிர் நீலத்துல எடுபடும்.”

வெள்ளையா நீலமா என்று விவாதம் அரை மணி நேரம் ஓடியது. அதற்குள் தொட்டிலின் ஒரு பக்கம் கழன்று தரைக்கு வந்திருந்தது. திருகாணிகளை அத்தை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்.