ஆன்டெனா மறியல்

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வராத வண்டியை வந்தது என்றோ, போகாத வண்டியைப் போனது என்றோ இந்த வாய் மைக்கில் ஒருநாளும் சொன்னதில்லை. அதே வாயால் சொல்கிறேன், கீழே இருப்பதெல்லாம் நடந்தது. நடக்காத பகுதியும் ஒன்று இருக்கிறது. அது நடக்கவில்லை என்பதும் சத்தியம்.

கதை பிறந்தது பேருந்து நிலையத்துக்கு எதிர் டீக்கடையில். அங்கே சுவரில் ஒரு டிவி. அன்று சாயங்காலம் அதில் ஆறு பேர் ஆறு கட்டங்களுக்குள் உட்கார்ந்து இடஒதுக்கீட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் எந்தக் கட்சி என்று கீழே எழுதியிருந்தது. எழுதாவிட்டால் அவர்களுக்கே மறந்துவிடும் போலிருந்தது. நடுக்கட்டத்தில் இருந்த பெண் மட்டும் குரலை உயர்த்தாமல் "ஒரு நிமிடம்… ஒரு நிமிடம்…" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் கண்ணாயிரம். தியாகதுருகம் பக்கம் மரவள்ளி போடுகிறவன், என்னைவிட வயதில் சின்னவன், நான் எழுதியதைக் கேட்கப் பொறுமை உள்ள ஒரே மனிதன். டீயை ஆறவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்த நாற்காலி யாருதுன்னு தெரியுமா?"

"டிவிக்காரனுது."

"அமிர்தத்துது."

அமிர்தம் அவன் மனைவி.

"நீங்கதான் இல்லாதத எல்லாம் எழுதிக்கினு இருக்கீங்களே. எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க. எண்பத்தேழுல நாங்க மரம் வெட்டல. ரோடு திறந்திருந்திச்சு. அவ போற வண்டி போயிடுச்சு. அவ்ளோதான்."

இது கதை கேட்கிற முகமா, மன்னிப்புக் கேட்கிற முகமா என்று எனக்குப் புரியவில்லை. சரி என்றேன்.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எதை மாற்றுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். தியாகதுருகம் சாலையில் சாய்ந்த ஒரு மரத்தின் மேல் இருபத்திரண்டு வயதுக் கண்ணாயிரம் குந்தியிருந்தான். கையில் கொடி, வாயில் வெற்றிலை. தூரத்திலிருந்து ஒரு பெண் பையோடு நடந்து வந்தாள்.

"யோவ், மரத்தத் தள்ளு."

"சங்கம் சொன்னாத்தான் தள்ளுவோம்."

"நான் மெட்ராசுக்குப் போவணும். டிவியில நியூஸ் படிக்கிறதுக்கு ஆள் எடுக்கறாங்க. என்னை வரச் சொல்லியிருக்காங்க."

"வந்த வண்டி எங்க?"

"கள்ளக்குறிச்சியில ஏறின வண்டி ரெண்டு மரத்துக்கு அந்தாண்டையே நின்னுடுச்சு. உங்க சங்கம் இன்னா, டிவிக்காரங்களுக்குப் பதில் சொல்லுமா?"

கண்ணாயிரம் வெற்றிலையை விழுங்கிவிட்டான். அவள் பையைத் திறந்து மறியல்காரர்களுக்கு முறுக்குக் கொடுத்தாள். மறுநாளும் வந்து, வண்டி விட்டார்களா என்று கேட்டாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வாரம் முடிந்து மரங்களை அகற்றியபோது மெட்ராசில் வேறு யாரையோ எடுத்துவிட்டார்களாம். தை மாதம் கல்யாணம்.

இதை அவர்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் சொல்வார்கள். அவள் சொல்வாள், அவன் தலை குனிந்து சிரிப்பான். அன்று தொடங்கி இன்றுவரை அந்த வீட்டில் விடிகாலைக் காப்பி அவன் போடுவது. டிவி ரிமோட்டை அவன் தொட்டு யாரும் பார்த்ததில்லை. நியூஸ் படிக்க வேண்டியவளை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்துவிட்டோம் என்ற எண்ணம், பூட்டிய வண்டி மாதிரி அவனுக்குள் நின்றுகொண்டே இருக்கிறது.

3

தொடக்கங்கள்:

"1987 செப்டம்பரில் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு மரமும் வெட்டப்படவில்லை, ஏனென்றால்"

ஏனென்றால்? இங்கேயே நின்றுவிட்டது. ஒதுக்கீடு கேட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு எழுதினால் கதை அல்ல, பொய்.

"அரசாங்கம் தானாகவே முன்வந்து"

இதை நானே நம்பவில்லை. அடித்துவிட்டேன்.

[இங்கே ஒரு விஷயம். அந்த வாரத்தில் வட மாவட்டங்களில் உயிர்கள் போயின. சாலைக்குப் போனவர்கள் சிலர் வீடு திரும்பவில்லை. நான் வேடிக்கையாக எழுதுகிற ஆள்தான். ஆனால் மரம் வெட்டாத ஒரு செப்டம்பரை எழுத உட்கார்ந்ததற்குக் கண்ணாயிரம் பாதிக் காரணம். மீதிக் காரணம் அவர்கள். என் செப்டம்பரில் எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார்கள்.]

அப்படியானால் மறியல் வேண்டும், ஆனால் சாலையில் வேண்டாம். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் தொடக்கம் நின்றது:

"சங்கக் கூட்டத்தில் தங்கதுரை எழுந்து சொன்னார்: 'நம்ம ரோட்டுல எந்த மந்திரி வர்றான், நாம மறிக்கிறதுக்கு? அவங்க எல்லாரும் டிவி பாக்கறாங்கப்பா. அத மறிப்போம்.'"

இந்தத் தங்கதுரை நான் கற்பனையில் செய்த ஆள். பேச்சு கொஞ்சம் நன்றாக அமைந்துவிட்டதால் அவரை வைத்துக்கொண்டேன்.

4

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அந்தக் காலத்தில் டிவி பார்ப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மாடியில் ஆன்டெனாக் குழாயைத் திருப்புவார். ஒருவர் கீழே பெட்டி முன்னால் நின்று "தெரியுது… போச்சு… கொஞ்சம் திரும்பு… அட, தாண்டிட்டியே!" என்று கத்துவார். மாடியில் நிற்பவர் படத்தைப் பார்க்க முடியாது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

என் கதையில் சங்கத்துப் பையன்கள் அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு ஸ்பானரோடு கிளம்பினார்கள். சனிக்கிழமை ஒரே நாளில் கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஒவ்வொரு ஆன்டெனாவும் மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்துத் திருப்பப்பட்டது. மலையில் டிவி நிலையம் எதுவும் இல்லை, ஆகவே ஒன்றும் தெரியாது என்பது திட்டம்.

தெரிந்தது.

ஞாயிறு காலை, புராணத் தொடர் பார்க்கக் குளித்து முழுகி, பெட்டிக்குச் சூடம் காட்டிவிட்டு உட்கார்ந்த ஜனங்கள் மலையைப் பார்த்தார்கள். ஒற்றையடிப் பாதையில் நான்கு பேர் ஒரு டோலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டோலியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. முன்னால் தூக்கியவர் பெயர் அம்மாசி. அவர் ஒரு திருப்பத்தில் நின்று தோள் மாற்றிக்கொண்டு, நேராகப் பெட்டிக்கு வெளியே பார்த்தார்.

"இன்னா எல்லாம் இங்கியே பாத்துக்கினு குந்தியிருக்கீங்க? ஒரு ஆளு வந்து புடிச்சா இன்னா?"

(ஆன்டெனா அறிவியல் தெரிந்தவர்கள் எனக்கு எழுத வேண்டாம். எனக்கும் தெரியும்.)

டோலி அடிவாரம் வந்து சேரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. விளம்பரம் எதுவும் நடுவில் வரவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டபிறகுதான் பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள். தங்கதுரை மட்டும் முணுமுணுத்தார்: "நமக்கும் பின்னாடி வரிசையில ஆளு நிக்குதுடா."

திங்கட்கிழமை ஆன்டெனா மறியல் மெட்ராசுக்கே பரவியது. செவ்வாய் இரவு ஒரு மந்திரியின் அம்மா மகனுக்குச் சோறு போட மறுத்துவிட்டார். (பெயர் கேட்காதீர்கள். மந்திரியும் நான் செய்தவர், அம்மாவும் நான் செய்தவர்.) "பெட்டியில ராப்பகலா மலையே தெரியுது. ஒண்ணு அவங்களுக்கு ரோடு போடு, இல்ல இவங்க கேக்குறதக் குடு. ரெண்டும் குடுத்தா ரசம் உண்டு." புதன்கிழமை அரசாங்கம் இறங்கி வந்தது.

சாலைகள் திறந்தே இருந்தன. அமிர்தம் ஏறிய வண்டி போய்ச் சேர்ந்தது.

5

அந்தப் புதன்கிழமை சாயங்காலம், கண்ணாயிரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். கடைத்தெருவில் டிவி ரேடியோ விற்கும் ஷேக் மைதீன் பாயின் மாடி ஆன்டெனாதான் ஊரில் உயரம். அதைப் பழைய திசைக்குத் திருப்ப வேண்டும். அறிவிப்பைக் கேட்கக் கடை வாசலில் தெருவே கூடி நின்றது.

கண்ணாயிரம் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பினான்.

"தெரியுதா பாய்?"

"புள்ளி புள்ளியா இருக்கு. இன்னும் கொஞ்சம்… ஆங், நில்லு! தெரியுது!"

"இன்னா தெரியுது?"

"நியூஸ். புதுசா ஒரு பொண்ணு படிக்குது. கண்ணாயிரம், கைய எடுக்காத, எடுத்தா ஆடுது!"

காற்று மலைப் பக்கமிருந்து வந்தது. அவன் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டான். கீழே சத்தம் அடங்கியது. ஒரு பெண் குரல், தெளிவாக, அவசரப்படாமல், கேட்டவர்களுக்குக் கேட்டது கொடுக்கப்படும் என்று வாசித்தது. வெடி போட்டார்கள். யாரோ அழுதார்கள்.

"பாய், பொண்ணு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது. நீ ஆடாத."

செய்தி முடிகிறவரை அவன் ஆடவில்லை. கீழே இறங்கி வந்தபோது பெட்டியில் வெறும் புள்ளி, அதற்குள்ளிருந்து வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

இதைத்தான் அவனுக்கு டீக்கடையில் வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்பான், ஒரு மசால் வடை வாங்கித் தருவான் என்று நினைத்தேன். அவன் டீ கிளாசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான்.

"அண்ணே… நான் ஒரு தபா கீழ எறங்கிப் பாக்கக் கூடாதா?"

"எறங்கினா படம் போயிடும்."

"வேற யாரையாவது புடிக்கச் சொல்லுங்க."

"நீ கேட்டது வண்டி போவணும்னு. போயிடுச்சு. போன வண்டியில இருக்கறவளுக்கு நீ யாரு?"

டீக்குக் காசு கொடுக்காமலே எழுந்து போய்விட்டான். அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை.

6

மறுநாள் காலை அமிர்தம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கு. அதை வைத்த சத்தத்திலேயே வந்த விஷயம் தெரிந்தது.

"இன்னாண்ணே எழுதிக் குடுத்தீங்க அந்த ஆளுக்கு? காலையில காப்பி போடல. கட்டில்ல குந்திக்கினு என்னையே பாக்குது. 'நான் இல்லாம நீ நல்லா இருந்தியா?'ன்னு கேக்குது."

"கதைம்மா. நீ அதில பெரிய ஆளு. ஊரே உன்னைப் பாக்குது."

"தனுஷா?"

தனுஷா அவர்கள் மகள். பின்னாளில் வந்த ஒதுக்கீட்டில் படித்து, இப்போது சின்னசேலத்தில் கால்நடை மருத்துவர்.

"அதில தனுஷா பொறக்கல."

"பொறக்கலயா? இன்னா தெகிரியம் உங்களுக்கு!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்தவங்க எல்லாம் உசுரோட இருக்காங்களாமே அதுல?"

"இருக்காங்க."

அவள் உட்கார்ந்தாள். கிழங்கு ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவங்க இருக்கட்டும். அவங்கள எடுத்துடாதீங்க. என் வண்டிய மட்டும் போவ வுட்டுடாதீங்கண்ணே."

"ரோடு திறந்திருந்தா வண்டி எப்படிம்மா நிக்கும்?"

"டயரு போவட்டும். டிரைவருக்குப் பேதியாவட்டும். எழுதறவருக்குச் சொல்லிக் குடுக்கணுமா?" என்றவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க டைம் கீப்பர். இத்தினி வருசமா எல்லா விசேசத்துலயும் நான் சொல்றதக் கேட்டுக்கினு குந்தியிருக்கீங்க. ஒரு வார்த்த பேசினதில்ல. அதுமாதிரியே இருந்துடுங்க."

"சரிம்மா."

"அந்த ஆளுக்கிட்ட இன்னா சொல்லட்டும்?"

"திருத்திக்கினு இருக்கேன்னு சொல்லு."

கிழங்கை வைத்துவிட்டுப் போனாள். நல்ல கிழங்கு, மாவாக வெந்தது.

7

முடிவுகள்:

அ) வண்டி தியாகதுருகம் தாண்டி டயர் வெடித்து நிற்கிறது. உதவிக்கு ஸ்பானரோடு ஒருவன் வருகிறான். கண்ணாயிரம் இதற்குச் சம்மதித்தான். ஆனால் மறுபடியும் அவள் நியூஸ் படிக்க முடியாமல் போனதற்குத் தானே காரணம் ஆகிவிடுவோமோ என்று, "டயர நான் வெடிக்கவைக்கலன்னு ஒரு வரி போட்டுடுங்க" என்றான்.

ஆ) வண்டி போகிறது. அவள் செய்தி வாசிக்கிறாள். கடைசி வரி முடிந்ததும் தாளைக் கீழே வைத்து, "மாடியில் குழாயைப் பிடித்திருப்பவர் இறங்கி வரலாம்" என்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் இறங்கினால் படம் போய்விடும். அவன் வரும்போது பெட்டியில் புள்ளிதான் இருக்கும்.

இ) அம்மாசி மலையிலிருந்து வந்து குழாயைப் பிடித்துக்கொள்கிறார். "நீ போய்ப் பாருப்பா. நாங்க புடிச்சுப் பழக்கம்." இது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு, எல்லோர் சுமையையும் அவர் தலையிலேயே வைக்கிறோமே என்று வெட்கமாகி…

எனக்கு வயதாகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆகவே குழாயை உங்கள் கையில் கொடுக்கிறேன். இந்தப் பக்கம் திருப்பினால் செத்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அமிர்தம் ஊர் ஊராகத் தெரிகிறாள், தனுஷா இல்லை. அந்தப் பக்கம் திருப்பினால் மரம் சாய்கிறது, ஒரு பெண் பையோடு நடந்து வருகிறாள், விடிந்தால் காப்பி. எந்தப் பக்கம் என்று கத்திச் சொல்ல கீழே நான் இருக்க மாட்டேன்.

கண்ணாயிரத்திடம் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். காப்பி மறுபடியும் அவன்தான் போடுகிறானாம்.

மறியல் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்ததால், அந்த வாரம் முழுக்க நான் மைக்கைத் தொடவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வண்டிகூடப் புறப்படவில்லை.