ஒரு தலை குறைகிறது

அந்த மனநல மருத்துவமனையின் தலைமைக் காவலருக்குச் சாவிக்காரர் என்றே பெயர். இடுப்பில் முப்பது சாவிகள். குண்டு வீச விமானம் வந்தால் வார்டுகளைப் பூட்டிவிட்டு ஊழியர்கள் மட்டும் நிலவறைக்கு ஓடுவது அங்கே வழக்கம். புதிதாக வந்த டாக்டரம்மா அதைக் கேட்டுக் கொதித்துப்போனார்.

"அவங்க உசிருன்னா அவ்வளவு இளப்பமா? இனிமே பூட்டே கிடையாது!"

நோயாளிகளுக்கே நிலவறைக்குப் போகப் பயிற்சி கொடுத்தார். ஊழியர்களையும் சேர்த்துத் தலை எண்ணும் பொறுப்பை, எட்டு வருஷமாகச் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த நோயாளியான ஒரு தையல்காரரிடம் ஒப்படைத்தார்.

"விளங்கின மாதிரிதான்!" என்று முணுமுணுத்தார் சாவிக்காரர்.

மறுநாள் காலையிலேயே சைரன் அலறியது. அவ்வளவுதான், பதினெட்டு வருஷப் பழக்கத்தில் சாவிக்காரரின் கால்கள் தாமாக ஓடின, கைகள் தாமாகப் பூட்டின. ஒன்று, இரண்டு, மூன்று! நான்காவது வார்டில்தான் உறைத்தது: உள்ளே ஒரு ஈ, காக்கை இல்லை. காலிக் கட்டில்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்! தலைக்கு மேலே விமானம் இரைந்தது. கண்ணாடிகள் சடசடவென்று நொறுங்கின. கை கால் ஓடாமல் நின்றவரின் சட்டையை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள்.

தையல்காரர்!

"எத்தனை தடவை எண்ணினாலும் ஒரு தலை குறையுதேன்னு பார்த்தேன். ஓடியாங்கண்ணே!"

இருவரும் விழுந்தடித்து நிலவறைக்குள் பாய்ந்தார்கள். தையல்காரர் அவர் தலையில் கை வைத்துக் கத்தினார். "நூத்திப் பதிமூணு! டாக்டரம்மா, கணக்கு சரி!"

நிலவறையே கைதட்டியது. சாவிக்காரர் இடுப்பைத் தடவிப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "ஐயோ, சாவிக்கொத்து! கதவுலயே விட்டுட்டேன்!"

"பேசாம உட்காருங்கண்ணே," என்றார் தையல்காரர். "இன்னொரு தடவை எண்ண வச்சிராதீங்க."