ஆனியில் பட்ட பிளாஸ்மா

பெரியகருப்பனுக்கு ஆவணியில் மணிவிழா. கண்டரமாணிக்கத்தில் பிறந்து, காரைக்குடிப் பக்கம் இரண்டு கல்லூரி திறந்து, மூன்றாவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பவர். விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா கொடுப்பதென்று முடிவாயிற்று. இரண்டாயிரம் டப்பா. மூடியில் அவர் படமும் பட்டங்களும்.

ஆர்டர் சாக்கோட்டை சாலையில் சத்தியமூர்த்தியின் கம்பெனிக்கு வந்தது. இந்த வட்டாரத்திலேயே பிளாஸ்மா எந்திரம் உள்ள ஒரே கம்பெனி என்று வாசல் போர்டு சொல்லும். அதை ஓட்டுகிறவள் சுபலட்சுமி; மூன்று வருடமாகத் தற்காலிகம். "இந்த ஆர்டர் நல்லபடியா முடியட்டும் தாயி, நிரந்தரம்னு காகிதம் குடுத்துர்றேன்" என்று சத்தியமூர்த்தி சொல்லியிருந்தார். அவள் அப்பா வீரணனும் கெடு வைத்திருந்தார். காகிதம் வராவிட்டால் சிங்கம்புணரி மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவார்.

டப்பா பிளாஸ்டிக்கில் மை ஒட்டாது. எந்திரத்துக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் வாயு விட்டு மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே ஊதா வெளிச்சம் பரவும். அதுதான் பிளாஸ்மா. அது பட்ட மேல்தோல் மையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு பிளாஸ்டிக் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். பட்ட சூட்டோடு அச்சடித்துவிட வேண்டும்.

குறுக்கே ஆடி வந்தது. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பதால், ஆனி கடைசி முகூர்த்தத்தில் தேங்காய் உடைத்து இரண்டாயிரத்துக்கும் பிளாஸ்மா காட்டினார்கள். வேலை தொடங்கியாயிற்று. பேரையும் படத்தையும் மட்டும் ஆவணி பிறந்து அச்சடிப்பதென்று ஏற்பாடு. மேற்பார்வைக்கு வந்த பெரியகருப்பனின் மச்சினன் முத்தரசு, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டங்களின் வரிசையைத் திருத்த அவருக்கு ஒரு மாதம் கிடைத்தது.

சுபலட்சுமி தினமும் ஒரு மூடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து நோட்டில் எழுதினாள். முதல் நாள் சொட்டு பாய்போல விரிந்தது. பத்தாம் நாள் சுருங்கியது. ஆடிப்பெருக்கு தாண்டியதும், சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது.

சத்தியமூர்த்தியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "சார், போயிருச்சு. அடிக்கிறதுக்கு முன்னாடி இன்னொருவாட்டி ஓட்டணும். ஒரு நாள் போதும்."

"மெல்லப் பேசு. ஒருவாட்டி பட்டா ஆயுசுக்கும் நிக்கும்னு முத்தரசுகிட்டச் சொல்லிருக்கேன். அவர் கண்ணு முன்னாடியே திரும்ப உள்ள வச்சா என்ன நெனைப்பாரு?"

"அவர் சாப்பிடப் போறப்ப ஓட்டுறேன் சார்."

"அவர் எங்குட்டும் போறதில்ல. சாப்பாடே இங்குட்டுத்தான் வருது."

ஆவணி முதல் நாள் அச்சடித்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. சுபலட்சுமி ஒரு மூடியைச் சத்தியமூர்த்தியின் அறைக்குக் கொண்டுபோய், செல்லோடேப் ஒட்டி உரித்துக் காட்டினாள். டேப்போடு மீசை வந்தது.

"விழாவுக்கு யாரு செல்லோடேப்போட வரப்போறா? போ தாயி" என்றார் சத்தியமூர்த்தி.

விழாவுக்கு ஜனங்கள் வேர்த்த கையோடு வந்தார்கள். முதலில் அழிந்தது 'டாக்டர்'. அது எங்கிருந்து வந்ததென்றே யாருக்கும் தெரியாததால், எங்கே போனதென்றும் யாரும் கேட்கவில்லை. அடுத்துக் 'கொடைக்கடல்' போயிற்று. பந்தி முடிவதற்குள் மூக்கும் கண்ணாடியும் நகர்ந்தன. அரியக்குடியிலிருந்து வந்த ராக்காயி என்கிற அம்மாள், மேடைக்கு நேரே நின்று உள்ளங்கையை விரித்து, "ஐயா மூஞ்சி என் கையில வந்துருச்சே, வச்சுக்கவா கழுவிறவா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். மைக் அப்போது பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை சத்தியமூர்த்தியின் அறையில் முத்தரசு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சத்தியமூர்த்தி சுபலட்சுமியைப் பார்த்தார். "எந்திரம் ஒன் பொறுப்புதான?"

அவள் நோட்டை எடுத்து வைத்தாள். தேதிவாரியாக முப்பத்தொரு நாள், ஒவ்வொரு சொட்டும். "அன்னைக்கே சொன்னேன்ல சார். நீங்கதான வேணாம்னீக."

சத்தியமூர்த்தி பொறுமையாகப் பக்கம் புரட்டினார். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்தது. நோட்டை முத்தரசு பக்கம் திருப்பி வைத்தார்.

"பாத்துக்கங்க. ஒட்டாதுன்னு நாள் விடாம எழுதி வச்சிருக்கு. தெரிஞ்சே அனுப்பிருக்கா. என்கிட்ட யாரு சொன்னது?"

முத்தரசுக்கு நியாயம் விளங்கிவிட்டது. "படிச்ச புள்ளைகளே இப்படித்தான்" என்று சொல்லி, அப்போதுதான் உட்கார்ந்தார். காபி வந்தது. நோட்டு சத்தியமூர்த்தியின் மேசை டிராயருக்குள் போயிற்று.

காகிதம் அன்றைக்கே கொடுத்தார்கள். நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று அதில் ஒரே வரி இருந்தது.

வீட்டில் வீரணன் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. முகத்தில் வருத்தம் காட்டக் கொஞ்ச நேரம் முயன்றும் பார்த்தார். பிறகு சிங்கம்புணரிக்குப் போன் போட்டு, "நீங்க எப்ப வாரீக?" என்று கேட்டார்.