ஓட்டை மிதவை செய்யும் முறை

பாப்பனங்கோட்டில் வலைக்கு மிதவை செய்கிற எங்கள் கம்பெனியில் ஆட்கள் ஆறு, மிஷின் ஒன்று. ஸ்டோரைப் பார்ப்பவன் நான். முதலாளி ஜெயஷீலா. விழிஞ்ஞம் வலைக்காரர் ராஜமணியின் ஆர்டர் கைவிட்டுப் போனால் கம்பெனிச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, மார்த்தாண்டத்தில் அவர் கடையில் உட்காருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அண்ணன் சனிக்கிழமை வருவதாக இருந்தார்.

சூப்பர்வைசர் ரதீஷ் எதையும் கார்டில் எழுதி வைக்கிறவன். தமிழ் ஆட்களுக்கு உதவியாக இருக்கட்டுமென்று இரண்டு பெட்டிகளிலும் தமிழ் எழுத்திலேயே சீட்டு ஒட்டினான். எழுத்துதான் தமிழ், வார்த்தை மலையாளம். முடிந்த சரக்குக்குக் ‘கழிஞ்ஞது’. ஓட்டை விழுந்து ஒதுக்கியதற்கு ‘மாற்றியது’. வள்ளியூரிலிருந்து புதிதாக வந்த தங்கபாண்டி இரண்டையும் தமிழாகவே படித்தான். முதல் பெட்டி கழிவென்று பழைய சாமான்காரனுக்குப் போனது. இரண்டாவது திருத்திய சரக்கென்று விழிஞ்ஞத்துக்குப் போனது. கேட் பாஸில் கையெழுத்துப் போட்டது நான்தான். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

“அது வேஸ்ட்டுன்னு ஆரு பறஞ்ஞு உன்னட்ட?” என்று கேட்டான் ரதீஷ்.

“நீங்கதானண்ணே எழுதி ஒட்டிருக்கீய.”

செவ்வாய்க்கிழமை ராஜமணி வந்தார். ஜெயஷீலா வசவு வாங்கத் தயாராக நின்றாள். அவர் சொன்னது வேறு. மிதவைகள் மெல்ல மெல்லத் தண்ணீர் குடித்து, வலையோடு கடலடியில் போய் உட்கார்ந்தனவாம். இழுத்தால் ஏழு கூடை கொஞ்சு இறால், பதினொரு கூடை கணவாய், கூடவே ஒரு கப்பலின் நங்கூரம். நங்கூரம் போன கப்பல் கோவளம்வரை சும்மா ஒரு நடை போய்விட்டு வந்ததாம். நான் பார்க்கவில்லை. ராஜமணி பொய் சொல்கிற ஆளில்லை.

“மக்களே, இதே ஓட்ட மிதவ இன்னும் எண்ணூறு வேணும். சனிக்கிழம சாயங்காலத்துக்குள்ள.”

நல்ல மிதவைக்கு ஒன்பது செய்முறைக் கார்டு இருந்தது. ஓட்டை மிதவைக்கு ஒன்றுகூட இல்லை.

“அது தன்னால வரணதல்லே சேச்சி?” என்றான் ரதீஷ்.

டிரில்லால் துளைத்துப் பார்த்தான். அத்தனையும் கல்லைப்போல உடனே முங்கின. நான் ஸ்டோர் நோட்டைப் புரட்டினேன். ஒதுக்கியதெல்லாம் மத்தியானச் சாப்பாடு முடிந்து மிஷினைப் போட்டதும் வருகிற முதல் நாற்பது. நாங்கள் சாப்பிடும் அரை மணியில் அச்சு ஆறிவிடுகிறது. ஆறிய அச்சில் ஒட்டு பிடிக்காமல் ஊசி ஓட்டை விழுகிறது.

எண்ணூறுக்கு இருபது சாப்பாடு. அச்சு ஆறினால் போதுமே, சாப்பிடுவானேன் என்று தங்கபாண்டி கேட்டான். ரதீஷ் ஒத்துக்கொள்ளவில்லை; நடந்ததை நடந்தபடியே செய்வதுதான் முறை என்றான். ‘சோறு, சாம்பார், அரை மணி’ என்று கார்டும் எழுதினான். புதன் முதல் நாளுக்கு ஐந்து தடவை சாப்பிட்டோம்.

சனிக்கிழமை அண்ணன் சாவி கேட்டு வந்தபோது பத்தொன்பதாவது சாப்பாடு.

“மிஷினத் தொட முடியாது அண்ணே, புராசஸ் நடக்குது. எல போட்டாச்சு, இரிங்க,” என்றாள் ஜெயஷீலா.

அவர் இரண்டுக்கும் இருந்து சாப்பிட்டார். எண்ணூறும் வண்டியேறிய பிறகு அவரைத் தூக்கி எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. சாவியைப் பற்றி ஒன்றும் பேசாமல், பாயசம் என்றைக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ் ஏறினார்.